பல் எண்ணி வாங்கிய டிபரன்ஷியல்: 1959 மொறிஸ் மைனரின் பின்னச்சு வேலை

எங்கள் வீட்டு மொறிஸ் மைனர் 1959ஆம் ஆண்டுக்குரியது. நான்கு கதவு, 948 சிசி எஞ்சின், நான்கு கியர். அப்பா வாங்கி ஓடிய காலத்திலிருந்து யாழ்ப்பாணத்தை விட்டு அது அதிகம் வெளியே போனதில்லை. சென்ற ஆண்டு தை மாதத்தில், பருத்தித்துறை வீதியில் நீர்வேலியைத் தாண்டி வரும்போது அக்சலேற்றரிலிருந்து காலை எடுத்த ஒவ்வொரு தடவையும் பின்பக்கத்திலிருந்து ஓர் ஊளைச் சத்தம் எழுவதைக் கவனித்தேன். காலை மீண்டும் அழுத்தினால் சத்தம் நின்றது. ஆனால் அந்த மாற்றத்தின்போது இருக்கைக்கு அடியில் ஒரு தட்டல் கேட்டது. கியரை நியூட்ரலுக்கு எடுத்து உருளவிட்டபோதும் ஊளை சற்று அடங்கிய குரலில் தொடர்ந்ததால், எஞ்சினையும் கியர் பொக்ஸையும் சந்தேகப் பட்டியலிலிருந்து பெருமளவு நீக்கிவிட்டேன். மிஞ்சியவை, கியர் பொக்ஸிலிருந்து பின்னச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட், அதைப் பின்சில்லுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கர அலகான டிபரன்ஷியல், பின்சில்லுப் பெயாரிங் ஆகிய மூன்றும்தான்.

பின்னச்சின் அடிப்பக்க நட்டைக் கழற்றி ஒயிலை வெள்ளைச் சோற்றுத் தட்டொன்றில் வடித்தேன். இந்த வேலைக்கு வெள்ளைத் தட்டை விட நல்ல கருவி இல்லை. ஒயில் கறுத்துத் தண்ணீர்போல் இளகியிருந்தது. அதன் அடியில் வெள்ளி மினுக்கமும், நெல்மணியளவு உருக்குத் துண்டு ஒன்றும் கிடந்தன. காந்தத்தால் எடுத்துத் துடைத்துப் பார்த்தபோது அதன் ஒரு பக்கம் பளபளப்பாகவும் மறுபக்கம் முறிந்த கரும்பின் நார்போலவும் தெரிந்தது. பல் முறிந்துவிட்டது என்பதில் பிறகு சந்தேகமிருக்கவில்லை.

இந்தச் சேதத்துக்கு ஒரு வரலாறு உண்டு. தொண்ணூறுகளில் குடாநாட்டுக்குள் எரிபொருளும் பற்றரியும் வாகன உதிரிப்பாகங்களும் தடைசெய்யப்பட்டிருந்த ஆண்டுகளில், காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை எழுப்பிப் பின் மண்ணெண்ணெயில் ஓட்டிய நூற்றுக்கணக்கான கார்களில் எங்களுடையதும் ஒன்று. எஞ்சின் அந்தக் காலத்தைத் தாங்கிக்கொண்டது. பின்னச்சுக்கு அப்பா ஊற்றியது எஞ்சினிலிருந்து வடித்த பழைய ஒயில்; வேறெதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. மைனரின் ஏ வரிசை எஞ்சினோடு வந்த பின்னச்சு ஹைப்பொயிட் வகையைச் சேர்ந்தது. அதாவது புரொப்பெல்லர் ஷாஃப்ட் சுற்றும் சிறிய பல்சக்கரமான பினியனின் நடுக்கோடு, அது சுற்றும் பெரிய பல்சக்கரமான கிரவுண் வீலின் நடுக்கோட்டுக்குக் கீழே அமைந்திருப்பதால், பற்கள் ஒன்றின்மேல் ஒன்று உருள்வதோடு நில்லாமல் பக்கவாட்டில் வழுக்கவும் செய்கின்றன. அந்த வழுக்கலின் அழுத்தத்தில் சாதாரண ஒயிலின் படலம் கிழிந்துவிடும். அதற்கென்றே கடும் அழுத்தத்தைத் தாங்கும் ஈபி 90 ஒயில் குறிக்கப்பட்டிருக்கிறது. அப்போது பற்களின் மேற்பரப்பில் தொடங்கிய அரிப்புத்தான் முப்பது ஆண்டுகள் கழித்து முறிவாக முடிந்தது என்று நினைக்கிறேன். அப்பாமேல் எனக்குக் குறையில்லை. அந்தக் கார் ஓடியதால்தான் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடிந்தது.

டிபரன்ஷியலைக் கழற்றுவது இந்தக் காரில் கடினமானதல்ல. முன்சில்லுகளுக்குக் கட்டை வைத்து, பின்னச்சை இரண்டு தாங்கிகளில் ஏற்றி, சில்லுகளையும் பிரேக் டிரம்களையும் கழற்றினால், டிபரன்ஷியலிலிருந்து சில்லுக்குப் போகும் ஒவ்வொரு ஹாஃப் ஷாஃப்டின் தட்டையும் ஒரேயொரு குழித்தலை ஸ்குறூ பிடித்திருப்பது தெரியும். அதைத் திருப்பியபின் ஷாஃப்டை ஒரு சாண் அளவுக்கு வெளியே இழுத்துவிட்டு, புரொப்பெல்லர் ஷாஃப்டின் பின்தட்டிலுள்ள நான்கு போல்ட்களையும், டிபரன்ஷியலை அச்சுக்கூட்டோடு பிணைக்கும் எட்டு நட்களையும் எடுத்தால், முழு அலகும் முன்பக்கமாக வெளியே வந்துவிடும். புரொப்பெல்லர் தட்டையும் பினியன் தட்டையும் பிரிக்கும் முன் இரண்டிலும் ஒரே நேர்கோட்டில் உளியால் அடையாளம் வைப்பது அவசியம். இங்கே பலர் செய்யும் ஒரு தவறைச் சொல்ல வேண்டும். இந்தக் காரின் நட்கள் அங்குல அளவுக்குரியவை. அரை அங்குல நட்டுக்கு 13 மில்லிமீற்றர் ஸ்பனர் ஏறக்குறையப் பொருந்தும். அந்த ‘ஏறக்குறைய’ அறுபது ஆண்டு இறுகிய நட்டின் மூலைகளை உருட்டிவிடப் போதுமானது. அரை அங்குல ஸ்பனர் ஒன்றையும் சொக்கெட் ஒன்றையும் முதலில் வாங்கிவிட்டுத்தான் காருக்கு அடியில் போனேன்.

அலகு மேசைக்கு வந்ததும் கிரவுண் வீலின் பற்களைச் சோக்கட்டியால் குறியிட்டு எண்ணினேன்: 41. பினியனில் 9, அதில் ஒன்றின் நுனி இல்லை. 41ஐ 9ஆல் வகுத்தால் 4.555. அதாவது புரொப்பெல்லர் ஷாஃப்ட் நாலரைச் சுற்றுக்குச் சற்று அதிகம் சுற்றும்போது சில்லு ஒரு சுற்றுச் சுற்றும்.

கிரவுண் வீலும் பினியனும் தொழிற்சாலையில் ஒன்றோடொன்று உரசவிட்டுச் சோடி சேர்க்கப்பட்டவை என்பதால், முறிந்த பினியனுக்குப் பதிலாக இன்னொரு காரின் பினியனை மட்டும் போடுவது என்ற எண்ணத்துக்கே இடமில்லை. சோடியாகப் புதிதாக வாங்குவதானால் இங்கிலாந்திலிருந்து வரவழைக்க வேண்டும். 2022இல் ரூபாய் விழுந்த பிறகு அதன் விலையும் கூலியும் தீர்வையும் சேர்ந்து என் கைக்கு எட்டாத தொகையாகின. எட்டியிருந்தாலும் பினியனின் உயரத்தைத் தகடு வைத்துச் சரிசெய்வதற்கான அளவுக் கருவி என்னிடம் இல்லை. எனக்குத் தெரிந்த எந்தக் கராஜிலும் இல்லை. ஆகவே, தொழிற்சாலையில் பொருத்தப்பட்டபடியே இருக்கும், யாரும் திறந்திராத ஒரு முழு அலகைத் தேடுவதென்று முடிவெடுத்தேன். மைனருக்கு வெளித்தகடுகள் வேண்டுமென்றால் இலங்கையில் இருப்பது ஒரு பேறு. தென்னிலங்கையில் அடிக்கப்பட்ட தகடுகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகியிருக்கின்றன. உள்ளிருக்கும் பல்சக்கரங்களின் நிலை வேறு. அவை பழைய கார்களின் வயிற்றிலிருந்துதான் வர வேண்டும்.

தேடும்போது மொறிஸ் மைனர் என்ற பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் பாதி வாய்ப்பு போய்விடும். 1952இல் மொறிஸும் ஒஸ்டினும் ஒரே நிறுவனமாகச் சேர்ந்த பிறகு சிறிய கார்களுக்கு ஒரே குடும்ப எஞ்சினும் அச்சும் பகிரப்பட்டன. ஒஸ்டின் ஏ35, பரினா உருவமைப்பில் வந்த ஏ40, ஒஸ்டின் ஹீலி ஸ்பிறைற், எம்ஜி மிட்ஜெற் ஆகியவற்றின் டிபரன்ஷியல் அலகு மைனரின் அச்சுக்கூட்டில் பொருந்தும். ஸ்பிறைற்றும் மிட்ஜெற்றும் வடக்கில் கிடைப்பது அரிது. ஏ35உம் ஏ40 பரினாவும் கொட்டில்களின் மூலையில் இன்னும் நிற்கின்றன. ஆனால் ‘ஏ40’ என்ற பெயரில் ஒரு பொறி இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் முதியவர்களுக்கு நினைவுக்கு வருவது 1950களின் முற்பகுதியில் வந்த, உருண்டை உடம்புடைய ஏ40 சோமசெற். அது 1200 சிசி எஞ்சினும் வேறு அச்சும் கொண்ட வேறு கார்.

அந்தக் குழப்பத்தைத் தவிர்க்க ஓர் எளிய உபாயம் கைகொடுத்தது. கழற்றிய டிபரன்ஷியலின் முகப்பைக் காட்போட் மட்டையில் அழுத்தி, எட்டுத் துளைகளையும் நடுவட்டத்தையும் வெட்டி ஓர் அச்சு செய்தேன். எங்கே போனாலும் அந்த மட்டை என்னோடு வந்தது. நகரத்தில் ஒரு கடைக்காரர், “இது ஏ40 தான் தம்பி, உங்கட காருக்கு அப்பிடியே ஏறும்” என்று துணிந்து சொன்ன அலகின்மேல் மட்டையை வைத்தபோது இரண்டு துளைகள்கூட நேருக்கு வரவில்லை. அவர் பொய் சொன்னார் என்று நான் எண்ணவில்லை. அவரிடமிருந்ததும் ஏ40 தான்.

அடுத்த பிழை என்னுடையது. அதற்காகப் பணமும் இழந்தேன். கொழும்பில் ஒரு கடையோடு தொலைபேசியில் பேசி, மைனர் டிபரன்ஷியல் ஒன்று இருப்பதாக அறிந்து, கிரவுண் வீலின் பற்களை எண்ணிச் சொல்லும்படி கேட்டேன். “நாற்பத்து மூன்று” என்றார்கள். என் குறிப்புப் புத்தகத்தில் 43 பல் என்பதற்கு நேரே 11 பல் பினியனும் 3.909 விகிதமும் எழுதியிருந்தன. பிற்கால ஸ்பிறைற், மிட்ஜெற் கார்களில் வந்தது அது. மேடே இல்லாத குடாநாட்டில், அதே வேகத்துக்கு எஞ்சினைக் குறைவாகச் சுற்றவிடும் அப்படியோர் உயர்ந்த கியர் தாராளமாகப் பொருந்தும் என்று மகிழ்ந்து பணத்தை அனுப்பினேன். இரவு பஸ்ஸில் சாக்கில் கட்டி வந்த அலகை மேசையில் வைத்துப் பினியன் தட்டைச் சுற்றியபோது, கிரவுண் வீல் ஒரு சுற்று முடிக்குமுன் தட்டு ஐந்து சுற்றைத் தாண்டிவிட்டது. பினியனில் இருந்தவை 8 பற்கள். 43ஐ 8ஆல் வகுத்தால் 5.375. 1952 முதல் 1956 வரை வந்த 803 சிசி மைனரின் சிறிய எஞ்சினுக்காகக் கொடுக்கப்பட்ட விகிதம் அது. அதை என் காரில் போட்டிருந்தால் நாற்பது மைல் வேகத்திலேயே எஞ்சின் கதறியிருக்கும். அலகில் குறையொன்றும் இல்லை, சொன்ன பற்கள் சரியாகவே இருந்தன என்பதால் கடை அதைத் திருப்பி எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று கேட்பதற்கு எனக்கும் நியாயம் இருக்கவில்லை.

ஆகவே இந்த அச்சைத் தேடும் எவருக்கும் இதை அழுத்திச் சொல்கிறேன்: கிரவுண் வீலின் பல்லை மட்டும் கேட்டு வாங்காதீர்கள். 43 பல் இரண்டு விகிதங்களில் வருகிறது. 41 பல்லும் அவ்வாறே. 9 பல் பினியனோடு 4.555, 11 பல் பினியனோடு 3.727. கடைக்காரரிடம் கேட்க வேண்டியது, கிரவுண் வீலில் ஒரு பல்லுக்குச் சோக்கட்டியால் குறியிட்டு அது ஒரு முழுச் சுற்று வரும்வரை முன்தட்டு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பதைத்தான். நாலரைக்குச் சற்று மேல் என்றால் 4.555, நாலேகாலுக்கு மயிரிழை குறைவு என்றால் 4.222, நாலுக்குச் சற்றுக் குறைவு என்றால் 3.909. அலகு இன்னும் காருக்குள்ளேயே இருந்தால், முன்சில்லுகளுக்குக் கட்டை வைத்து, கைப்பிரேக்கைத் தளர்த்தி, கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு பின்சில்லை மட்டும் தாங்கியில் உயர்த்தி, அந்தச் சில்லை இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். மற்றச் சில்லு நிலத்தில் அசையாமல் நிற்பதால், சில்லின் இரண்டு சுற்றும் சேர்ந்து கிரவுண் வீலின் ஒரு சுற்றுக்குச் சமமாகின்றன. அந்த இரண்டு சுற்றுக்குள் புரொப்பெல்லர் ஷாஃப்ட் சுற்றிய எண்ணிக்கையே விகிதம்.

மூன்றாம் முறை நானே கொழும்புக்குப் போனேன். பஞ்சிகாவத்தையில் பழைய உதிரிப்பாகக் கடைகள் வரிசையாக இருக்கும் தெருக்களில் காலை எட்டு மணிக்கு நடக்கத் தொடங்கி, மட்டையை ஆறேழு இடங்களில் வைத்துப் பார்த்து, பிற்பகலில்தான் ஒரு கடையின் பின்கட்டில், கியர் பொக்ஸ்களுக்கு அடியில், துளைகள் எட்டும் பொருந்திய ஓர் அலகைக் கண்டேன். கிரவுண் வீலில் பற்கள் 38, பினியன் தட்டைச் சுற்றியபோது நாலேகாலுக்குச் சற்றுக் குறைவு. 38க்கு 9, அதாவது 4.222. 1962க்குப் பின் வந்த 1098 சிசி மைனரிலிருந்து எடுக்கப்பட்டது. கடைக்காரர் பொறுமைசாலி. நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜை நான் எடுத்தபோது, அதை நிறுத்தி வைக்கத் தன் பையனை அனுப்பி ஒரு இரும்புப் பலகையே கொண்டுவரச் செய்தார். கிரவுண் வீலில் பல் விலகல், அதாவது இரண்டு சக்கரங்களின் பற்களுக்கிடையே விடப்படும் தளர்வு, 0.006 அங்குலம் என்று தொழிற்சாலையில் பொறிக்கப்பட்டிருந்தது. நான் நான்கு இடங்களில் அளந்தபோது 0.008க்குமேல் போகவில்லை. பற்களில் நீல மையைப் பூசிச் சுற்றிப் பார்த்ததில், தொடுகைத் தடம் பல்லின் நடுப்பகுதியில் நீள்வட்டமாக விழுந்தது. தட்டை மேலும் கீழும் அசைத்தபோது ஆட்டம் இல்லை. இவையெல்லாம் சரியாக இருந்த பிறகுதான் விலை பேசினேன்.

948 எஞ்சினுக்கு 4.222 சரிவருமா என்று வீட்டில் கணக்குப் போட்டேன். பழைய விகிதத்தில் நான்காம் கியரில் எஞ்சினின் ஒவ்வோர் ஆயிரம் சுற்றுக்கும் கார் மணிக்கு ஏறத்தாழ 24.4 கிலோமீற்றர் ஓடியது. புதிய விகிதத்தில் 26.4 ஓடும். 60 கிலோமீற்றர் வேகத்தில் எஞ்சின் 2,450 சுற்றுக்குப் பதிலாக 2,275 சுற்றிலேயே வேலை செய்யும். மலைநாட்டில் வாழ்பவராக இருந்தால் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். நுவரெலியாவுக்கு ஏறும்போது இரண்டாம் கியரில் அந்த ஏழு சதவீதம் உடனே தெரியும். எங்கள் வீதிகளில் பாலங்களின் ஏற்றத்தைத் தவிர வேறு ஏற்றமில்லை. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: வேகமானி கியர் பொக்ஸிலிருந்து ஓடுவதால் அச்சு மாறியது அதற்குத் தெரியாது. முள் 40 மைலைக் காட்டும்போது கார் உண்மையில் 43 மைலில் போகும்.

பொருத்துமுன் பினியன் ஒயில் சீலை மாற்றினேன். அதற்காகப் பினியன் நட்டைக் கழற்ற வேண்டியிருந்ததால், நட்டின் நிலையைப் புள்ளியிட்டுக்கொண்டு, திரும்ப 140 இறாத்தல்-அடி, அதாவது சுமார் 190 நியூட்டன்-மீற்றர் இறுக்கத்தில் பூட்டினேன்; புள்ளிகள் ஒன்றோடொன்று சந்தித்தன. அளவுள்ள முறுக்குச் சாவி இல்லாமல் இந்த நட்டைத் தொட வேண்டாம். பெயாரிங்குகளை நான் திறக்கவில்லை. சத்தமில்லாமல் சுற்றும் பெயாரிங்கைப் புதிதாக்கும் ஆசையில் தொழிற்சாலை வைத்த தகட்டளவைக் கலைத்துவிட்டு, பிறகு ஆண்டுக்கணக்கில் ஊளையோடு ஓடும் கார்களை நான் பார்த்திருக்கிறேன்.

இடப்பக்க ஹப்பில் ஒயில் கசிந்து பிரேக் லைனர்வரை போயிருந்தது. அந்த சீலை மாற்ற ஹப்பைக் கழற்றும்போது, இடப்பக்கப் பெரிய நட்டுக்கு இடப்புரி என்பது நினைவில் இருக்க வேண்டும்; வழக்கமான திசையில் பலங்கொண்டு திருப்பினால் அது மேலும் இறுகும். லைனரைப் புதிதாக ஒட்டுவித்தேன்.

புரொப்பெல்லர் ஷாஃப்டை வளைந்து சுழலவிடும் இரண்டு குறுக்குமூட்டுகளில் (யூனிவர்சல் ஜொயின்ற்) பின்னதன் ஊசி உருளைகள் தூளாகியிருந்தன. முதலில் கேட்ட தட்டலுக்கு அதுவும் பங்களித்திருக்க வேண்டும். குறுக்குமூட்டு தேட எனக்கு அலைச்சல் இருக்கவில்லை. கிண்ணத்தின் விட்டத்தையும் எதிரெதிர்க் கிண்ணங்களுக்கிடையிலான முழு அகலத்தையும் வேர்னியரால் அளந்து, கடையில் காரின் பெயரைச் சொல்லாமல் இரண்டு அளவுகளை மட்டும் சொன்னேன்; இந்தியத் தயாரிப்பு ஒன்று ஐந்து நிமிடத்தில் மேசைக்கு வந்தது. கிளச் தட்டையும் அன்றே வாங்கி வைக்க நினைத்தேன். அவர்கள் எடுத்துத் தந்தது 1098க்குரிய ஏழேகால் அங்குலத் தட்டு. 948க்கு வேண்டியது ஆறேகால். பழைய தட்டுக்கு இன்னும் சில ஆண்டுகள் உயிர் இருப்பதால் அதை விட்டுவிட்டேன்.

பூட்டும் வேலை ஒரு நாள் எடுத்தது. முகப்புக் காஸ்கெட்டைத் தடித்த காஸ்கெட் தாளில், அதே காட்போட் மட்டையை அச்சாக வைத்து வெட்டினேன். ஹாஃப் ஷாஃப்ட்களின் பற்கள் புதிய அலகுக்குள் தடையின்றி இறங்குகின்றனவா என்பதை மேசையிலேயே சோதித்திருந்ததால் அச்சுக்கடியில் படுத்துக்கொண்டு திகைக்க வேண்டியிருக்கவில்லை. ஷாஃப்ட் தட்டுகளுக்குக் காகிதக் காஸ்கெட்டும் ரப்பர் வளையமும் புதியவை. ஈபி 90 ஒயில் ஏறத்தாழ 0.85 லீற்றர் உள்ளே போனது. மட்டத் துளையில் வழியத் தொடங்கியதும் நிறுத்தி, வழிவது நின்ற பிறகே நட்டைப் பூட்டினேன்.

முதல் ஓட்டம் கீரிமலைவரை. போகும் வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி டிபரன்ஷியல் கூட்டைத் தொட்டுப் பார்த்தேன். கை வைத்திருக்கக்கூடிய சூடுதான். காலை எடுத்தபோது ஊளை இல்லை. மூன்றாம் கியரில் மிக மெல்லிய ரீங்காரம் ஒன்று இருக்கிறது, ஆனால் அது கியர் பொக்ஸினுடையது. இந்தக் காரில் நான் சிறுவனாக இருந்தபோதே அது இருந்தது. ஐந்நூறு கிலோமீற்றர் ஓடிய பின் ஒயிலை மறுபடியும் அதே வெள்ளைத் தட்டில் வடித்தேன். காந்தத்தில் திருநீற்றைப்போல மெல்லிய சாம்பல்நிறப் படிவு மட்டுமே இருந்தது. புது ஒயிலை ஊற்றி மூடினேன்.

பழைய அலகைக் கழுவி, முறிந்த பினியனை நீக்கி, மற்றவற்றுக்குக் கிறீஸ் பூசிச் சாக்கில் சுற்றி வைத்திருந்தேன். தவறாக வாங்கிய 5.375 அலகும் அதன் பக்கத்தில் இருந்தது. ஆவணி மாதத்தில் நெல்லியடியிலிருந்து ஒருவர் வந்தார். தகப்பனாரின் 803 சிசி மைனரைத் திருத்துகிறார், பின்னச்சுக்கு மூன்று ஆண்டுகளாக அலைகிறாராம். அவருடைய அலகில் எட்டுக்கு நாற்பத்து மூன்றுதானா என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். சோக்கட்டியை எடுத்துக்கொண்டு அன்று பின்னேரமே அவரோடு புறப்பட்டேன்.